இரண்டு வயதுக்கு எத்தனை தோழர்கள் வேண்டும்?

பிள்ளைகளின் கல்விச் செலவு என்றால் முன்பெல்லாம் வங்கியில் பேசப்பட்டது கல்லூரிக் கட்டணமே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனையோ மகளையோ உடன் அழைத்துக்கொண்டு பெற்றோர் கல்விக் கடனுக்காக வருவர். இப்போது அந்த வயது படிப்படியாக இறங்கி வந்துவிட்டது. மும்பை, புணே, பெங்களூரு, தில்லி போன்ற பெருநகரக் கிளைகளில் பணிபுரியும் எங்களிடம், இன்னும் சரியாகப் பேச்சு வராத குழந்தையைத் தோளில் சாய்த்தபடி, விளையாட்டுப் பள்ளிக் கட்டணத்துக்கு எவ்வாறு வழிசெய்வது என்று கேட்கும் இளம் பெற்றோர் பெருகி வருகின்றனர்.

இவ்வளவு சிறு வயதில் பள்ளி எதற்கு என்று வினவினால் பெரும்பாலோர் தரும் விடை ஒன்றே. படிப்புக்காக அன்று, குழந்தை பழகுவதற்கு வேறு குழந்தை இல்லை. இக்கவலையை மிகையென்று ஒதுக்கிவிட இயலாது. பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பம். பாட்டியும் தாத்தாவும் திருநெல்வேலியிலோ திருச்சியிலோ இருக்கின்றனர். பன்னிரண்டாவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. எதிர்வீட்டுக் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கிறது. வங்கி ஊழியர்களாகிய எங்களில் பலரும் இடமாற்ற ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு மொழி தெரியாத நகரங்களுக்குச் சென்று குழந்தை வளர்த்தவர்கள்தாம். பகல் முழுவதும் தாயின் முகத்தையும் கைப்பேசித் திரையையும் மட்டுமே கண்டு வளரும் குழந்தை, புதியவர் ஒருவரைக் கண்டதும் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும்போது பெற்றோர் மனம் எவ்வளவு கலங்கும் என்பதை நன்கு அறிவோம்.

ஆயினும் அக்கலக்கத்துக்கு மருந்து கட்டண ரசீதில்தான் இருக்கிறது என்னும் முடிவுக்கு வருமுன் சற்றுப் பொறுத்துச் சிந்திப்பது நலம். ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்குக் கூட்டம் தேவையில்லை. அடிக்கடி காணும் இரண்டு மூன்று முகங்கள் போதும். அவற்றைத் தேடித் தருவதற்குப் பெரியவர்களின் நேரம் வேண்டும். பெரியவர்கள் தம் கூச்சத்தைச் சிறிது விடவும் வேண்டும். பணம் மிகச் சிறிதளவே வேண்டும்.

அருகருகே ஆடும் வயது

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் குழந்தைகள் விளையாடுவதைக் கூர்ந்து கவனித்து, மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் ஆய்வாளர் 1932-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனித்து ஆடுதல், பிறர் ஆடுவதைப் பார்த்திருத்தல், அருகருகே ஆடுதல், கலந்து ஆடுதல், கூடி ஆடுதல் என்று குழந்தைகளின் விளையாட்டை அவர் வகைப்படுத்தினார். இவ்வரிசையை இறுக்கமான படிக்கட்டாகக் கொள்ள வேண்டியதில்லை எனப் பின்வந்தோர் கூறினாலும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் பெரும்பாலும் அருகருகே ஆடுபவர்களே என்னும் அவருடைய கருத்து இன்றளவும் குழந்தை வளர்ச்சிப் பாடங்களில் கற்பிக்கப்பட்டு வருகிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? இரண்டு குழந்தைகளை மணலில் உட்கார்த்திவைத்தால் இருவரும் ஆளுக்கொரு குவியலைக் கிளறிக்கொண்டிருப்பர். ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்று தாய்மார் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. சற்று நேரம் பொறுமையாகக் கவனித்தால் வேறொன்று புலப்படும். ஒரு குழந்தை கரண்டியால் கிண்ணத்தைத் தட்டும். சிறிது நேரம் கழித்து அடுத்த குழந்தையும் தட்டும். ஒன்று எழுந்து ஓடினால் மற்றதும் ஓடும். பழகுதல் என்பது இந்த வயதில் இப்படித்தான் நிகழ்கிறது. பொருளைப் பகிர்ந்துகொள்ளவில்லை, பறித்துக்கொள்கிறது, சில வேளை கடித்தும் விடுகிறது என்றால், அது வளர்ப்பின் குறையும் அன்று, குழந்தையின் குணக்கேடும் அன்று. 'எனக்கு', 'உனக்கு' என்னும் வேறுபாடு அப்போதுதான் உருவாகி வருகிறது. ஆகவே விலையுயர்ந்த மூன்று சக்கர வண்டி ஒன்றைக் காட்டிலும், ஒரே மாதிரியான எவர்சில்வர் தம்ளர்கள் இரண்டு இருப்பது சண்டையைக் குறைக்கும்.

இதிலிருந்து செலவைப் பற்றிய முதல் முடிவு கிடைக்கிறது. ஆண்டுக்கொரு முறை அரங்கம் எடுத்து முப்பது குழந்தைகளை அழைத்து நடத்தும் பிறந்தநாள் விழாவால் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரைச்சலும் அழுகையுமே. வாரம் மூன்று முறை வந்து போகும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று அதனினும் எவ்வளவோ மேல்.

கதவைத் தட்டுவதற்குக் கட்டணம் இல்லை

அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தையை எங்கே கண்டுபிடிப்பது என்பதே அடுத்த வினா. மும்பைப் புறநகரில் ஒரு நடுத்தரக் குடியிருப்பில் எண்பது, நூறு குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றுள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வேறொன்றும் இல்லாமலிருப்பது அரிது. பகல் பதினோரு மணிக்கு எல்லாக் கதவுகளும் மூடியிருப்பதால்தான் தெரிவதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி பற்றியும் வண்டி நிறுத்துமிடம் பற்றியும் நாள்தோறும் நூறு செய்திகள் வருகின்றன. 'எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. அதே வயதுக் குழந்தை உள்ளவர்கள் மாலை ஐந்து மணிக்குக் கீழே வர இயலுமா?' என்று ஒரு செய்தி இடுவதில் தவறொன்றும் இல்லை. தடுப்பூசி போடும் இடமும் நல்ல அறிமுகக் களம். தேசிய அட்டவணைப்படி 16 முதல் 24 மாதங்களுக்குள் தட்டம்மை ஊசியின் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும் போடப்படுகின்றன. அன்று அங்கே காத்திருக்கும் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே வயதினர். பெரும்பாலும் ஒரே வட்டாரத்தினர்.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். 'பாபி, நாளைக்குக் காலையில் குழந்தையோடு வாருங்கள், டீ குடிக்கலாம்' என்பதை உடைந்த இந்தியில் சொன்னாலும் போதும். அனுமதி விண்ணப்பம் அவ்வளவுதான்.

மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் முறைவைத்துக் கூடலாம். வாரத்தில் இரு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு வீடு, காலை பத்து முதல் பதினொன்றரை வரை. அதற்குமேல் நீட்டினால் குழந்தைகள் சோர்ந்து அழத் தொடங்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையுடனும் வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஓரிரு மாதங்கள் பழகிய பின், இருவர் பார்த்துக்கொள்ள மற்ற இருவர் கடைக்கோ வங்கிக்கோ சென்று வரலாம். வீட்டிலேயே அடைந்து கிடக்கும் இளந்தாய்க்கு அந்த ஒன்றரை மணி நேரம் கிடைப்பது சிறிய செய்தி அன்று. குழந்தைக்குத் தோழமை தேடுவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பல வீடுகளில் தோழமை முதலில் தேவைப்படுவது தாய்க்குத்தான் என்பது எங்கள் எண்ணம்.

செலவைப் பார்ப்போம். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 200 ரூபாய் எடுத்துவைத்தால் நான்கு வீட்டுக்கு 800 ரூபாய். வண்ணக் கட்டிகளும் தாள்களும் பழங்களும் வாங்க அது தாராளம். கோதுமை மாவில் சிறிது உப்பும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்தால் களிமண் ஆயிற்று. காலி அட்டைப் பெட்டி, மூடியுள்ள டப்பாக்கள், பழைய துப்பட்டா ஆகியவை கடையில் விற்கும் பொம்மைகளைவிட நெடுநேரம் ஈடுகொடுக்கும். பொம்மைகளை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டால் எல்லாமே புதிய பொம்மைகள்தாம்.

பாதுகாப்பைப் பற்றி முன்கூட்டியே ஒப்புதல் செய்துகொள்வது அவசியம். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவை இவ்வயதில் தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடியவை. தட்டில் வைக்கவே வேண்டாம். பொத்தான் வடிவ மின்கலம் உள்ள பொம்மைகளும் கூடா. பால்கனிக் கதவு பூட்டியிருக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த வாளி குளியலறையில் இருக்கலாகாது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள குழந்தையை அன்று அழைத்து வருவதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லிவைத்தால் பின்னர் மனவருத்தம் நேராது.

இங்கே ஒரு செய்தியைத் தயக்கமின்றிச் சொல்ல விரும்புகிறோம். பல குடியிருப்புகளில் காவலாளியின் குடும்பம் அவ்வளாகத்திலேயே வசிக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியின் குழந்தைக்கும் நம் குழந்தையின் வயதே இருக்கக்கூடும். அக்குழந்தை மாடிப்படிக்குக் கீழே தனியே விளையாடிக்கொண்டிருக்க, மூன்றாவது மாடியில் நம் குழந்தை தனியே விளையாடிக்கொண்டிருக்கிறது. நாமோ தோழமைக்காக மாதம் ஐயாயிரம் ரூபாய் கட்டும் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மண்ணில் புரளும் இரு குழந்தைகளுக்கும் இதில் எவ்விதத் தடையும் இல்லை. தடை எங்கே இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

பூங்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மும்பையின் சிவாஜி பார்க், பெங்களூருவின் கப்பன் பூங்கா, தில்லியின் லோதி தோட்டம், கொல்கத்தாவின் மைதானம் எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பெயர்பெற்ற பூங்காவைத் தேடிப் பயணம் செய்வதைவிட, நடந்து சென்றடையும் சிறு பூங்காவே மேல். இன்றியமையாதது நேரம். நாள்தோறும் ஒரே நேரத்துக்குச் சென்றால்தான் ஒரே குழந்தைகளைக் காண முடியும். தாத்தா பாட்டிகள் பேரக்குழந்தைகளை அழைத்து வரும் மாலை ஐந்து மணிதான் பெரும்பாலான நகரங்களில் அந்நேரம். ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதுக்குப் பின்னரும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் அந்நிறுவனம் கூறியுள்ளது. மேற்குக் கடற்கரையில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை பூங்கா சேறாகிவிடும். அம்மாதங்களில் குடியிருப்பின் தரைத்தள முகப்பும் சங்கத்தின் கூடமும் கோயில் பிரகாரமும் கைகொடுக்கும். பால பவன்களை நம்பிச் செல்வோருக்கு ஒரு குறிப்பு: தில்லியிலுள்ள தேசிய பால பவன் ஐந்து வயது நிரம்பியவர்களுக்கே உரியது.

முற்றத்தில் பிறந்த பள்ளி

குறைந்த செலவு என்று பேசத் தொடங்கினால் நம் நாட்டில் முதலில் நினைவுகூர வேண்டிய ஊர், மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் போர்டி. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்ததை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1920-இல், குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பால மந்திர் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார், அம்முறை ஏழைக் குழந்தைகளைச் சென்றடைய வேண்டும் என்று விரும்பி 1945-இல் போர்டியில் தம் பணியைத் தொடங்கினார். அனுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணைநின்றார்.

மாண்டிசோரி முறைக்கு உரிய கருவிகள் விலை மிகுந்தவை. போர்டியில் அவற்றுக்கு மாற்றாகக் கிளிஞ்சல்களும் விதைகளும் கூழாங்கற்களும் இலைகளும் பயன்பட்டன. பள்ளியை நிறுவியும் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் அங்கே வரவில்லை. குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தைகளிடம் செல்லட்டும் என்று ஆசிரியைகள் அவர்களுடைய குடியிருப்புக்கே சென்று முற்றத்தில் பாய் விரித்தனர். மராத்தியிலும் இந்தியிலும் முற்றத்துக்கு 'ஆங்கண்', 'ஆங்கன்' என்று பெயர். அதிலிருந்து பிறந்த சொல்லே 'அங்கன்வாடி'. 1957-இல் அப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு, வார்லி பழங்குடி மக்களிடையே, இடம்பெயர்ந்தது. தாராபாய் அம்மையாருக்கு 1962-இல் பத்மபூஷண் விருதும் அனுதாய் அம்மையாருக்கு 1985-இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. இன்று மும்பைப் புறநகர் ரயிலிலேயே டஹாணு ரோடு வரை சென்று அப்பகுதியைக் காணலாம்.

அந்த முற்றம் 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமாக 33 வட்டாரங்களில் தொடங்கி, இன்று நாடெங்கும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாக விரிந்திருக்கிறது. இவை ஏழைகளுக்கு மட்டும் உரியவை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு அன்று. வருமான வரம்பு ஏதும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையையும் பதிவு செய்யலாம். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை வயதுக்கேற்ற உணவைக் கட்டணமின்றிப் பெறும் உரிமையை 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளித்துள்ளது. வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் ஆதார் அட்டையுடன் அருகிலுள்ள மையத்தை அணுகிப் பதிவை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று வயது நிரம்பினால் முன்பருவக் கல்வியும் சுடச்சுட உணவும் மையத்திலேயே கிடைக்கும். அதற்குக் குறைந்த வயதினருக்கு உணவுப் பொருள் வீட்டுக்கே வழங்கப்படுகிறது. எனவே இரண்டு வயதுக் குழந்தையை நாள்தோறும் அங்கே விட்டுவர இயலும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மாதந்தோறும் நடைபெறும் சுகாதார, ஊட்டச்சத்து நாளிலும், முதன்முதலாகச் சோறூட்டும் நாள் போன்ற சிறு நிகழ்ச்சிகளிலும் அவ்வட்டாரத்தின் எல்லாக் கைக்குழந்தைகளும் கூடுகின்றன. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளோடு வீட்டில் எவ்வாறு விளையாடுவது, பேசுவது என்பதற்கு மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-இல் 'நவசேதனா' என்னும் வழிகாட்டியை வெளியிட்டது. அங்கன்வாடிப் பணியாளரிடம் அதுபற்றிக் கேட்கலாம். கேட்பவர் குறைவு என்பதால் மகிழ்ந்து சொல்வார்.

எல்லா மையங்களும் ஒரே தரத்தில் உள்ளன என்று கூறமாட்டோம். ஒற்றை அறையில் அரிசி மூட்டைக்கும் எடைபார்க்கும் கருவிக்கும் நடுவே குழந்தைகள் அமர்ந்திருக்கும் மையமும் உண்டு. சுவரெல்லாம் சித்திரமும் வாசலில் கீரைப் பாத்தியுமாக ஒளிரும் மையமும் உண்டு. நேரில் சென்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பார்க்காமலேயே முடிவு செய்வதுதான் வழக்கமாக இருக்கிறது.

அங்கன்வாடியோடு தொடர்புடைய வேறொரு பணியையும் குறிப்பிட வேண்டும். குழந்தை பிறருடன் பழகாதிருப்பது வெறும் கூச்சமாகவே பெரும்பாலும் இருக்கும். புதிய சூழலில் பத்து இருபது நிமிடங்கள் மடியை விட்டு இறங்காமலிருப்பது இயல்பு. ஆனால் ஒன்றரை, இரண்டு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, கண்ணோடு கண் நோக்குவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டுவதில்லை, முன்பு பேசிய சொற்களும் நின்றுவிட்டன என்றால், அதற்குத் தீர்வு விளையாட்டுப் பள்ளி அன்று; தாமதமின்றிக் குழந்தை மருத்துவரைக் காண வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. அங்கே பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று ஓராண்டைக் கழித்துவிட்டு வரும் பெற்றோர் உண்டு. அந்த ஓராண்டு மிக மதிப்புடையது.

பணிக்குச் செல்லும் தாய்மார்

தாய் தந்தை இருவரும் பணிக்குச் செல்வோருக்கு மேற்கூறிய முறைக்கூடல் விடுமுறை நாட்களுக்கே பொருந்தும். அவர்கள் முதலில் தம் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காண அனுமதிக்க வேண்டும் என்றும் 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இடம்பெற்றுள்ளது. வாய்திறந்து கேட்கும் ஊழியர்கள் குறைவு. அரசின் 'மிஷன் சக்தி'யின்கீழ் 'பால்னா' என்னும் காப்பகத் திட்டமும் உண்டு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான அங்கன்வாடிக் காப்பகங்கள் அதன்வழி நடைபெறுகின்றன. நம் வட்டாரத்தில் ஒன்று உள்ளதா என்பதை அங்கன்வாடியிலேயே கேட்டறியலாம். கட்டுமானத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் அம்மையார் தொடங்கிய 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பின் பணியைக் கண்டவர்கள், நல்ல காப்பகத்துக்குப் பளிங்குத் தரை தேவையில்லை என்பதை உணர்வர்.

கட்டணம் செலுத்துவது என்று முடிவு செய்தால்

விளையாட்டுப் பள்ளியே கூடாது என்பது நம் கருத்து அன்று. சில குடும்பங்களுக்கு அதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி. ஆனால் காலம் அறிந்து செலவிட வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் அடிப்படைக் கல்விக் கட்டமே மூன்று வயதில்தான் தொடங்குகிறது. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகளும் மூன்று முதல் ஆறு வயது வரையிலானவர்களைக் கருத்தில் கொண்டவையே. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பள்ளியைப் பார்வையிடும்போது சுவர் ஓவியங்களை எண்ணுவதை விடுத்துப் பெரியவர்களை எண்ணுங்கள். ஆசிரியைகள் ஆண்டுதோறும் மாறுகிறார்களா என்றும் கேளுங்கள். முகங்கள் மாறிக்கொண்டே இருந்தால், நாம் எதற்காகப் பணம் செலுத்துகிறோமோ அது கிடைக்கவில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. மாதக் கட்டணம் 5,000 ரூபாய் எனில் ஆண்டுக்கு 60,000; சேர்க்கைக் கட்டணம் 12,000; பொருட்கள், சீருடை என 6,000; வண்டிக்கு மாதம் 1,500 வீதம் 18,000. மொத்தம் 96,000 ரூபாய். மாத வருமானம் 60,000 ரூபாயாக உள்ள குடும்பத்துக்கு இது ஒன்றரை மாத ஊதியத்துக்கும் மேல். ஓராண்டு காத்திருந்து, அந்த மாதக் கட்டணமான 5,000 ரூபாயை மட்டும் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால், வட்டியை விட்டுவிட்டாலும் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கும். முறையான பள்ளியில் சேர்க்கும் ஆண்டின் பெருஞ்செலவுக்கு அது உதவும்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளை ஒன்றுக்கு இளம் தம்பதியர் வந்தனர். யாரென்று தெரியாதபடி விவரங்களைச் சிறிது மாற்றியே சொல்கிறோம். இரண்டே கால் வயது மகனின் பள்ளிக்கு ஆண்டுக் கட்டணம் 70,000 ரூபாய். ஒரே தவணையில் செலுத்தினால் பத்து விழுக்காடு தள்ளுபடி. அத்தள்ளுபடியைத் தவறவிடக்கூடாது என்று நகைக் கடன் கேட்டனர். 63,000 ரூபாய் கடனுக்கு, 9 விழுக்காடு என்று கொண்டால், ஆண்டு வட்டி 5,670 ரூபாய், தள்ளுபடியோ 7,000. மதிப்பீட்டாளர் கட்டணமும் போனால் ஆதாயம் என்று எஞ்சுவது ஆயிரத்துச் சொச்சமே. மூன்றாம் மாதமே குழந்தை போகமாட்டேன் என்று அழுதால், அல்லது தந்தைக்கு இடமாற்றம் வந்தால், செலுத்திய தொகை திரும்ப வருமா என்று கேட்டோம். பள்ளியின் படிவத்தை அப்போதுதான் அவர்கள் முழுமையாகப் படித்தனர். திருப்பித் தருவதில்லை என்று அதில் எழுதியிருந்தது. கடன் கொடுப்பது எங்கள் தொழில். ஆயினும் அன்று நகையைத் திரும்ப எடுத்துச்செல்லச் சொன்னோம். அவர்கள் மாதக் கட்டணத்தில் மகனைச் சேர்த்தனர். அவனுக்கு அப்பள்ளி பிடித்துப்போயிற்று. இப்போதும் சென்று வருகிறான்.

ஆகவே கட்டணம் செலுத்துவோர் மாதத் தவணையை, இயலாவிட்டால் பருவத் தவணையைக் கேட்டுப் பெறவேண்டும். ஒரு வாரமாவது குழந்தையோடு உடனிருந்து பழக்க அனுமதி உண்டா, இடையில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கிரெடிட் கார்டில் செலுத்தி அதை மாதத் தவணைகளாக மாற்றிக்கொள்வதைக் கூடுமானவரை தவிர்க்கவும். குழந்தை நின்றுவிட்டாலும் தவணை நிற்காது.

வருமான வரியைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. 80சி என்று நாம் அறிந்துள்ள, ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரையிலான கழிவில் இரு குழந்தைகளின் கல்விக் கட்டணம் அடங்கும். விளையாட்டுப் பள்ளி, மழலையர் வகுப்புகளின் கட்டணமும் அதில் சேரும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இக்கழிவு இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் நன்கொடை, வளர்ச்சிக் கட்டணம், வண்டிக் கட்டணம் ஆகியவை கணக்கில் கொள்ளப்படமாட்டா. பல சிறு பள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதி ரசீது தருகின்றன. கல்விக் கட்டணத்தைத் தனியே குறிப்பிட்ட ரசீதை, பணம் செலுத்தும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளவும். மார்ச் மாதத்தில் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.